இயற்கையைப் பார்த்து அரூப ஓவியம் வரைவது எப்படி? மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பல வருடமாக நீர்வண்ணத்தில் வரைகிறார். முட்டம் பாறை, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாம் பார்த்தது பார்த்தபடி வரும். இப்போது அரூபத்துக்கு, அதாவது பொருள்களின் உருவத்தைக் காட்டாத ஓவியத்துக்கு, வர ஆசை. ஆனால் முயன்றால் கறை பிடித்த துணி மாதிரி ஆகிவிடுகிறதாம். வீட்டில் உள்ளவர்கள் "இதைப் பிள்ளைகூடப் போடுமே" என்கிறார்களாம். இதற்கு முறை என்று ஏதாவது உண்டா, தோன்றினபடி வண்ணத்தை இழுத்துவிடுவதுதானா, என்ன சாமான் வாங்க வேண்டும் என்று கேட்கிறார்.

முறை உண்டு. தோன்றினபடி இழுத்துவிடுவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அப்படி வரைந்தார்கள் என்று நாம் நினைக்கிற பலர் வருடக்கணக்கில் உருவம் வரைந்து கை பழகியவர்கள். ஓவியர் கே. எம். ஆதிமூலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டிக் கறுப்பு வெள்ளைக் கோட்டில் காந்தியை வரைந்து குவித்தவர். சிற்றிதழ் வாசகர்களுக்கு அவர் கோடு நன்றாகத் தெரியும். அந்தக் கைதான் பின்னால் மரமோ வீடோ ஆளோ இல்லாமல், நிலமும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சிய எண்ணெய் வண்ணப் படங்களைச் செய்தது. நீங்கள் முட்டத்தையும் திற்பரப்பையும் வரைந்த வருடங்கள் வீண் போகவில்லை. அந்தக் கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

உங்களுக்கு ஏன் கறையாக வருகிறது என்று படத்தைப் பார்க்காமலே ஓரளவு ஊகிக்கிறேன். பாறையை வரைந்துவிட்டு அதை மங்கலாக்குகிறீர்கள். விளிம்பைக் கரைக்கிறீர்கள், வண்ணத்தைக் கூட்டுகிறீர்கள். நீர்வண்ணக்காரர்கள் அரூபத்துக்கு வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். கிடைப்பது மங்கலான பாறைதான். ஒரு இடத்தில் என்னென்ன இருக்கிறது என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆரம்பிப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி.

இதற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. மணவாளக்குறிச்சிக்கும் சின்னவிளைக்கும் நடுவில் கரையில் இறங்கிப் பாருங்கள். அலை ஏறி வரும்போது எல்லா மணலையும் கலக்கிக்கொண்டு வருகிறது. திரும்பும்போது அந்த வேகம் இல்லை. இலேசான வெள்ளை மணலை, அதாவது குவார்ட்ஸை, இழுத்துக்கொண்டு போகிறது. கனமானதை அங்கேயே விட்டுவிடுகிறது. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65. கறுப்பாகக் கிடக்கும் இல்மனைட்டுக்கு அது 4.7-ஐ ஒட்டி வரும். கார்னெட் 4 பக்கம் நிற்கும். இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு கடல் நாள் முழுக்கச் சலிக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று பிடித்து அடிக்கும்போது சலிப்பு வேகமாக நடந்து, கரை முழுக்கக் கறுப்புப் பட்டைகள் விழும். பட்டையின் ஓரத்தில் கார்னெட் ஒதுங்கி ஒரு கத்தரிப்பூச் சிவப்பு தெரியும். அதற்கு வெளியே சாம்பல், பிறகு வெளுத்த மஞ்சள்.

அந்த இடத்தில் குனிந்து ஒரு சிப்பியைப் பாருங்கள். இறங்கும் நீர் சிப்பியில் மோதி இரண்டாகப் பிரிந்து, தாண்டிப் போய்ச் சேர்கிறது. சிப்பிக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி, ஒரு கறுப்பு வால் நீண்டு கிடக்கும். இப்போது சிப்பியை எடுத்துவிடுங்கள். அடுத்த அலை வரும்வரை வால் அங்கேயேதான் இருக்கும். நீர் எந்தப் பக்கம் ஓடியது, எங்கே தடைப்பட்டது, எவ்வளவு வேகம், எல்லாமே அந்த வாலில் தெரியும். எது தடுத்தது என்பது மட்டும் தெரியாது. நீங்கள் கேட்ட அரூபம் ஏறக்குறைய இதுதான்.

சிப்பியை எடுக்கும் இந்த வேலையைப் படிப்படியாகச் செய்து காட்டியவர் நெதர்லாந்துக்காரரான பியெட் மோந்திரியான். கட்டங்களும் சிவப்பு, நீலம், மஞ்சளும்தான் அவர் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் அவர் வரைந்த மரங்களை இணையத்தில் வரிசையாகத் தேடிப் பாருங்கள். முதலில் வரும் சிவப்பு மரத்தில் கிளை, வேர், நிலம் எல்லாம் உண்டு. 1911-ல் வரைந்த சாம்பல் மரத்தில் கிளைகளுக்கு நடுவில் இருக்கும் காற்று, கிளை அளவுக்கே கனம் பெறுகிறது. 1912-ல் வரைந்த பூத்த ஆப்பிள் மரத்தில் மரம் என்று கை காட்ட ஒன்றும் இல்லை. நடுவிலிருந்து வெளியே விரியும் வளைவுகள் மட்டும் இருக்கின்றன. 1915-ல் கடலையும் கடலுக்குள் நீளும் பாலத்தையும் எடுத்துக்கொண்டார். அதில் மிஞ்சியது கறுப்பில் சின்னச் சின்னக் கிடைக்கோடும் நெடுங்கோடும்தான். ஆனால் சொத்தவிளையில் நின்று உச்சிவெயிலில் கடல் மினுங்குவதைப் பார்த்தவருக்கு அந்தப் படம் உடனே பிடிபடும். "பிள்ளைகூடப் போடும்" என்பவர்களிடம் இந்த வரிசையைக் காட்டுங்கள். கடைசிப் படத்தைப் பிள்ளை போட்டாலும் போடும். சிவப்பு மரத்திலிருந்து அங்கே வந்து சேர்வதைப் போடாது.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நம் கடலோரத்தில் ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் பார், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டு, இருக்கும் இடத்தை எப்படிக் குறித்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மலை முகட்டையும் கரையிலிருக்கும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராக வைப்பார்கள். இன்னொரு பக்கம் வேறொரு மலையையும் ஒரு பனையையும் நேராக்குவார்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலை. மாவட்டத்தின் மலை முழுக்கக் கண்முன்னே நிற்கும்போது அவர்களுக்கு வேண்டியது இரண்டு கோடு. மீன் எங்கே என்பதுதான் கேள்வி, அதனால் மற்றது தானாகக் கழிந்துவிடுகிறது. உங்கள் படத்துக்கும் அப்படி ஒரு கேள்வி வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால் காற்று எந்த உயரத்தில் வேகம் பிடிக்கிறது? தாடகை மலையைத் தாண்டும் மேகம் எந்த இடத்தில் கலைந்து இல்லாமல் போகிறது? தேரூர்க் குளத்தில் தாமரை இலை மூடாத தண்ணீர் என்ன வடிவத்தில் மிஞ்சுகிறது? இப்படிச் சின்னதாக ஒன்று போதும். "இயற்கையின் பேரழகு" என்று தொடங்கினால் படம் உருப்படாது.

பழைய இலக்கியம் படித்தவர்கள் இந்த இடத்தில் திணையை நினைப்பார்கள். தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதல், அங்கே வாழ்வதும் விளைவதும் கரு, மனத்துக்குள் நடப்பது உரி. நெய்தல் பாட்டில் கடல் வருவது கடலைக் காட்டுவதற்காக இல்லை, இரங்கலுக்காக, அதாவது பிரிவில் வருந்துவதற்காக வருகிறது. நிலத்தை மனநிலையாக மாற்றும் வேலை நமக்குப் புதிதில்லை என்று இதை வைத்துத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் குறிஞ்சிக்குப் பச்சை, முல்லைக்கு இளம்பச்சை, நெய்தலுக்கு நீலம் என்று பலகைகளில் பூசி "திணை வரிசை" என்று கண்காட்சி வைக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வகுப்பறைச் சுவரில் தொங்கும் படம்தான் ஞாபகம் வரும். உரிப்பொருள் அதில் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். எல்லா அரூப ஓவியமும் இயற்கையிலிருந்து வருவதில்லை. இந்திய அரூப ஓவியர் வி. எஸ். கெய்தோண்டேயின் படங்களில் கடலும் மூடுபனியும் தெரிவதாகப் பலரும் எழுதுகிறார்கள். அவரோ தன் படங்கள் எந்தப் பொருளிலிருந்தும் புறப்பட்டவை இல்லை என்றே சொல்லிவந்தார். உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தை ஏற்றியும் இறக்கியும், மேற்பரப்பிலேயே அவருடைய வேலை நடந்தது. எஸ். எச். ராஸா வேறு ரகம். மத்தியப் பிரதேசத்துக் காட்டோரத்தில், வன அதிகாரியின் மகனாக வளர்ந்தவர். பாரிஸில் இருந்துகொண்டு அந்தக் காட்டின் இரவையும் மண்ணையும் வண்ணத்தில் கொண்டுவந்தார். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பிந்து என்ற வட்டப்புள்ளியெல்லாம் பிறகு. சென்னையில் வாழ்ந்த அச்சுதன் கூடல்லூர் பாரதப்புழைக் கரையில் பிறந்தவர். அவர் படத்தில் ஆற்றைத் தேடினால் கிடைக்காது. ஆனால் அந்தச் சிவப்புகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் விதத்தில் ஒரு ஈரம் இருக்கிறது. நீங்கள் இடத்திலிருந்து வருகிறவர் என்பதால் ராஸா பக்கம் உங்களுக்கு ஒட்டும் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டில் ஒருவரைக் கட்டாயம் பார்க்கச் சொன்னால் பீட்டர் லேனியனைச் சொல்வேன். 1918-ல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில், செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் பிறந்தார். அங்கேயும் நிலம் கடலுக்குள் போய் முடிகிறது. மீன்பிடி, பாறை, சுரங்கம், ஓயாத காற்று. பிறந்த இடத்தைத்தான் ஆயுள் முழுக்க வரைந்தார். ஆனால் ஒரு துறைமுகத்தை வரைகிறார் என்றால் மேலேயிருந்து பார்த்தது, படகிலிருந்து பார்த்தது, தெருவில் இறங்கி நடந்தது எல்லாம் ஒரே படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வரும். பிற்காலத்தில் எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டக் கற்று, காற்று எப்படி மேலேறுகிறது என்பதை உடம்பால் தெரிந்துகொண்டு வரைந்தார். 1964-ல் அந்தப் பறப்பில் நேர்ந்த விபத்துதான் அவர் உயிரையும் வாங்கியது. முட்டத்தை நீங்கள் எப்போதும் கலங்கரை விளக்கப் பக்கமிருந்துதான் வரைகிறீர்கள் என்றால் லேனியனைப் பாருங்கள். செம்மண் மேட்டில் ஏறும்போது கால் சறுக்குவதும் படத்துக்குள் வரலாம் என்று புரியும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? மார்த்தாண்டத்துக்காரர் என்பதால் கடல் வேண்டாம், ரப்பர்த் தோட்டத்துக்குப் போங்கள். குலசேகரம், கீரிப்பாறை பக்கம் எங்கே வேண்டுமானாலும் சரி. இலை பழுத்து உதிரும் மார்கழி, தை என்றால் இன்னும் நல்லது. முதல் நாள் தாளும் தூரிகையும் கொண்டுபோகாதீர்கள். ஒரு மரத்தின் பால்வெட்டுப் பட்டையை மட்டும் கிட்டத்தில் நின்று பாருங்கள். சாய்வாக ஒரு வெட்டு, அதன் வழியே வழியும் வெள்ளை, அது வந்து சேரும் சிரட்டை. வெட்டு தினமும் ஒரு நூல் அளவு கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. மேலே பழைய வெட்டுகளெல்லாம் ஆறி, நிறம் மாறி, ஏறக்குறைய இணைகோடுகளாக நிற்கின்றன. வழிந்த பால் ஓரத்தில் உறைந்து ஒட்டுப்பாலாகிப் பழுப்பேறியிருக்கிறது. கொஞ்சம் பின்னால் வந்தால் இதே சாய்வு மரத்துக்கு மரம் ஒரே கோணத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. நெட்டுக்கு நிற்கும் தண்டுகளுக்குக் குறுக்கே இந்தச் சாய்வு மட்டும் வேறு தாளத்தில் ஓடுகிறது.

வீட்டுக்கு வந்து அங்கே நடந்ததை வினைச்சொற்களாக எழுதுங்கள். சாய்கிறது, வழிகிறது, உறைகிறது, ஆறுகிறது, உதிர்கிறது. பெயர்ச்சொல் ஒன்றும் வேண்டாம். இவற்றில் இரண்டை எடுத்துக்கொண்டு, அஞ்சலட்டை அளவுத் தாளில், இரண்டே வண்ணத்தில் வரையுங்கள். வழிவதைக் காட்டத் தாளைச் சாய்த்து வண்ணத்தை நிஜமாகவே வழியவிடலாம். ஆறுவதைக் காட்ட ஒரு பூச்சு காய்ந்ததும் அதன்மேல் அதே கோட்டை வெளிறலாகத் திரும்பப் போடலாம். சிறிய அளவில் நிறைய வரையுங்கள். பத்தில் ஒன்பது குப்பைக்குப் போகும், போகட்டும். மரம் மாதிரி ஏதாவது தெரிந்தால் பயந்து அழிக்கவும் வேண்டாம். வேண்டுமென்றே ஒளித்த மரம், தெரிகிற மரத்தைவிட மோசமாகத் துருத்திக்கொண்டிருக்கும்.

போன் புகைப்படத்தைப் பார்த்து அரூபம் செய்யாதீர்கள். புகைப்படம் ஏற்கெனவே தட்டையாகிவிட்டது. ஓரம் வெட்டியாகிவிட்டது, ஒரு நொடி மட்டும் மிஞ்சியிருக்கிறது. வழிதல், இறங்குதல் எல்லாம் அதில் நின்றுபோயிருக்கும். கடைசியில் நீங்கள் மறுபடி மங்கலாக்கும் வேலைக்கே போய்விடுவீர்கள். அப்புறம், முனையில் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, முக்கடல் கூடும் இடம் நான்கையும் ஆரம்பத்தில் தொடாதீர்கள். பார்ப்பவர் மனத்தில் அஞ்சலட்டை ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. ஆரஞ்சு வட்டம் ஒன்று போட்டால் போதும், மிச்சத்தை அவரே நிரப்பிக்கொண்டு போய்விடுவார். ஓட்டல் வரவேற்பறைக்கு அது சரி. கடலோரப் பாறையில் உட்கார்ந்து பார்ப்பதானால் கள்ளக்கடல், அதாவது திடீரென்று கரையேறும் பேரலை, எச்சரிக்கை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். வெயிலும் தெளிந்த வானமும் இருக்கும் நாளில்கூட அது ஏறி வரும்.

சாமான் பற்றி. எண்ணெய் வண்ணம் நம் ஊர் மழைக்காலத்தில் பொறுமையைச் சோதிக்கும். இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. அக்ரிலிக் போதும், பயிற்சிக்கு மாணவர் தரமே போதும். கேன்வாஸ் விலைக்குப் பயந்து கை நடுங்குகிறவர்கள் காடாத் துணியை வாங்கிப் பலகையில் இழுத்து அடித்துக்கொள்ளலாம். நீர்வண்ணக்காரரான உங்களுக்கு அது இன்னும் பொருந்தும். அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தாலர் 1952-ல், கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலோரத்தில் கோடையைக் கழித்துவிட்டு வந்து, பூச்சு ஏதும் போடாத துணியைத் தரையில் விரித்து, டர்ப்பன்டைனில் தண்ணியாகக் கரைத்த வண்ணத்தை ஊற்றி ஊறவிட்டு ஒரு பெரிய படம் செய்தார். மலையும் கடலும்தான் அதன் பொருள். அப்போது அவருக்கு 23 வயது. எண்ணெய் நேரடியாகப் பட்டால் துணி நாளாக நாளாக இற்றுவிடும், அக்ரிலிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. தண்ணீரில் கரைத்த அக்ரிலிக்கைக் காடாத் துணியில் ஊறவிட்டுப் பாருங்கள், திற்பரப்பின் நீர்த்தூசி தானாக வரும். முடித்த படத்தை மழை மாதத்தில் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். பின்னால் காற்று போக இடம் இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

வெள்ளை வாங்கும்போது குழாயில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டைட்டானியம் ஒயிட் என்றால் அடியில் உள்ளதை நன்றாக மறைக்கும். நிறமி எண் பி.டபிள்யூ. 6. ஜிங்க் ஒயிட் மெல்லியது, அடியில் உள்ளது ஊடே தெரியும். மூடுபனி, சாரல், ஆற்றின் மேலெழும் ஆவி இதற்கெல்லாம் ஜிங்க்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டைட்டானியம் வெள்ளைக்கு மூலப்பொருள் இல்மனைட்டும் ரூட்டைலும். அதாவது மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பாகக் கிடக்கிறதே, அதே கனிமத்திலிருந்துதான் கடையில் கிடைப்பதிலேயே பளிச்சென்ற வெள்ளை வருகிறது.

அதற்காக அந்தக் கறுப்பு மணலை அள்ளி வந்து வண்ணத்தில் குழைக்க வேண்டாம். "உள்ளூர் மண்ணில் உள்ளூர்ப் படம்" என்று ஆர்வம் வரும், தெரியும். அந்த மணலில் மோனசைட் கலந்திருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் இங்கே ஆலையே வந்தது. கதிர்வீச்சுள்ள பொருளை அரைத்து அதன் தூசியைச் சுவாசிக்கும் வேலை ஓவியத்துக்குத் தேவையில்லை. சட்டப்படியும் அது கட்டுப்படுத்தப்பட்ட கனிமம்.

மண் வேண்டுமென்றால் வீட்டுப் பின்புறச் செம்மண்ணை எடுங்கள். தண்ணீரில் கலக்கி, பருமணல் அடியில் தங்க ஒரு நிமிடம் விட்டு, மேலே நிற்கும் சேற்று நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. மறுநாள் தெளிந்த நீரை வடித்துவிட்டு, படிந்ததைக் காயவைத்து அரைத்தால் மையாக வரும். வேலம்பிசின் கரைசலில் குழைத்தால் நீர்வண்ணம், அக்ரிலிக் மீடியத்தில் குழைத்தால் அக்ரிலிக். சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு என்பதால் வெயிலில் வெளுக்காது. மஞ்சள்தூள், செம்பருத்திச் சாறு இரண்டையும் நம்பாதீர்கள். ஜன்னலோரம் மாட்டினால் சீக்கிரமே வெளுத்துவிடும்.

படம் தேறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நான் பார்ப்பது இதுதான்: அந்த இடத்துக்குப் போகாத ஒருவர் அதே படத்தைப் போட்டிருக்க முடியுமா? ஊட்டியைப் பார்த்தோ கோவாவைப் பார்த்தோ வரைந்திருந்தாலும் இதே படம்தான் வந்திருக்கும் என்றால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. தலைப்பை வைத்துச் சமாளிக்க வேண்டாம். தலைப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிழைப்பவர் ஒருவரிடம் காட்டுங்கள். ரப்பர்ப் படத்தைப் பால்வெட்டுகிறவரிடம் காட்டுங்கள். அவருக்கு மரம் தெரிய வேண்டியதில்லை. "சாய்வு இன்னும் கொஞ்சம் கெடக்கணும்லா" என்று சொன்னாரென்றால் படம் பிடிபட்டுவிட்டது.

கடைசியாக, அசல் படங்களை நேரில் பாருங்கள். திரையில் அளவும் தடிமனும் தெரியாது. சென்னைக்குப் போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறது. 1966-ல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய கிராமம். உங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம், மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அங்கே மியூசிய வளாகத்துக்குள்ளேயே பணிக்கரின் படங்களுக்கென்று தனிக் கூடம் இருக்கிறது. தோட்டமும் ஆட்களுமாக இருந்த படங்கள் எழுத்தும் குறியுமாக மாறுவதை அங்கே பார்க்கலாம். பக்கத்திலேயே ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தில் ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்கின் இமயமலைப் படங்களும் உண்டு. உருவத்தை விடாமலே எவ்வளவு தூரம் எளிமையாக்கலாம் என்பதற்கு அவை நல்ல பாடம். திங்கள்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.